நாம் துப்பாக்கி வாங்கப் புறப்பட்ட கதை

உபாத்தியாயருக்குப் பிரம்பே ஆயுதம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அதுவும் கையைவிட்டுப் போய்ப் பல வருஷங்களாகின்றன. அத்தகைய நிராயுதபாணியான நாம், மண்ணூரில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சிறு துப்பாக்கிகளுள் எது உத்தமம் என்று ஒரு மாத காலம் ஆராய்ந்தோம் என்றால் நேயர்கள் நகைக்கக் கூடும்.

காரணம் நம் குமாரி. பத்தாம் வகுப்புப் படிக்கிறவள். தேசிய மாணவர் படை முகாமில் 0.22 ரைபிளால் ஐந்து தோட்டா சுட்டுவிட்டு வந்தாள். அன்று முதல் வேறு பேச்சே இல்லை. "கோலாப்பூர்ப் பக்கத்து ஸ்வப்னில் குசாலே, ரயில்வே உத்தியோகஸ்தர், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிளுக்கு வெண்கலம் வாங்கவில்லையா, அப்பா?" என்பாள்.

இந்த ரகத் துப்பாக்கியின் அமைப்பு எளியது. கதவுத் தாழ்ப்பாளைப்போல் ஒரு கைப்பிடி உண்டு. அதை உயர்த்திப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுக் குப்பி வெளியே விழும். முன்னுக்குத் தள்ளித் தாழ்த்தினால் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். ஒவ்வொரு முறையும் கையை எடுத்து, மூச்சை அடக்கி, மறுபடி குறி பார்க்க வேண்டியிருப்பதால் அவசரக்காரனுக்கு இது ஒத்துவராது. கற்றுக்கொள்பவனுக்கு அதுவே நன்மை.

ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் உதிரி பாகங்களை அளந்து சோதிக்கும் நம் பழைய மாணாக்கனிடம் யோசனை கேட்டோம். சுடுவதிலும் பழக்கமுள்ளவன் அவன். "ஐயா, விலையையும் மெருகையும் பார்க்காதீர்கள். ஒரே ரகத் தோட்டா ஐந்தைச் சுடச் சொல்லுங்கள். ஐந்தும் நெருங்கி விழுந்தால் குழல் நல்லது. நடுப்புள்ளியைவிட்டு விலகி விழுந்தாலும் கவலையில்லை, குறிக்கருவியைத் திருகிச் சரிசெய்யலாம். ஐந்தும் சிதறினால்தான் தொல்லை. அதற்கும் முன்னால், கட்டை பாப்பாவின் தோளுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்" என்றான். முப்பது வருஷம் படித்த பரீட்சைத் தாள்களுக்கும் இது பொருந்தும் என்று நமக்குத் தோன்றியது.

அவ்வேளையில் நம் மைத்துனர் வந்து சேர்ந்தார். "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், மாமா! குறிக்கும் ஆகிற மாதிரி, வேட்டைக்கும் ஆகிற மாதிரி வாங்குங்கள்" என்றார்.

வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் ஏரிக்கரைக்குப் போய்விட்டது. நமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். உறவினர் ஒருவருடைய காற்றுத் துப்பாக்கியால், சேற்றில் அசையாமல் நின்ற ஒரு மடையானைச் சுட்டோம். அது சாகவில்லை. ஒரு சிறகை இழுத்துக்கொண்டு கோரைக்குள் போய் ஒளிந்தது. தேடிப் போகத் தைரியமின்றி நாம் வீட்டுக்கு ஓடிவந்தோம். இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று குமாரியிடம் சொன்னோம்.

அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மடையான் பிழைத்திருக்குமா, அப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்ல நமக்கு வாயெழவில்லை.

நம் ஜில்லாவுக்கு அண்டையிலுள்ள வேடந்தாங்கலில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, குடியானவர்கள் கலெக்டரிடம் முறையிட்டுக் காப்புரிமை பெற்றார்கள். பிறகு 1878-இல் லிட்டன் பிரபுவின் காலத்து ஆயுதச் சட்டம், ஐரோப்பியருக்கு விலக்களித்துவிட்டு, இந்நாட்டாரை மட்டும் லைசென்சுக்குக் காத்து நிற்க வைத்தது. அந்த அவமானம் பின்னர் நீங்கியது. ஆனால் 1972-இல் வனவிலங்குகளுக்குக் காப்பளித்து நாமே சட்டம் செய்துகொண்டோம். ஆகவே இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அந்தக் கட்டுப்பாடு அந்நியன் விதித்ததன்று. வேடந்தாங்கல் குடியானவர்கள் கேட்டு வாங்கியதைப் போன்றது.

மைத்துனருக்கு இன்னொன்றும் சொன்னோம். 0.22 குண்டின் எடை ஏறக்குறைய 2.6 கிராம்தான், பெரிய மிருகத்தை அது கொல்வதைவிடக் காயப்படுத்துவதே அதிகம். குறி தவறினாலோ ஒரு மைலுக்கு அப்பாலும் போகும். சுற்றிலும் தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த நம் ஊரில் அதற்கு ஏது திறந்தவெளி?

நிற்க. இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்குப் பொதுவாக லைசென்சு கிடையாது. குறி பயில்வோருக்கு மட்டும் சில விலக்குகள் உண்டு. ஆகையால் ரைபிள் வாங்குவதை ஒத்திப்போட்டு, ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் காற்று ரைபிளில் தொடங்குவதென்று முடிவாயிற்று. அதன் எடை 5.5 கிலோவுக்கு மேற்படக் கூடாதென்பது விதி. பத்துப் பெறவேண்டிய நடுப்புள்ளியின் குறுக்களவோ அரை மில்லிமீட்டர்! 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் இந்தப் பந்தயத்திலேதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு. குமாரி நம்மையும் ஐந்து முறை சுடச் சொல்கிறாள். முப்பது வருஷங்களுக்கு மேலாகத் துப்பாக்கியைத் தொடாத கை இது. எதிரே இருக்கப்போவது காகிதந்தான் என்று மனத்துக்குச் சொல்லிப் பார்க்கிறோம். இருந்தும் கை இப்போதே நடுங்குகிறது.