சும்மா பார்க்க

நேபாளமா, இலங்கையா என்று மூன்று மாதமாக எங்களுக்குள் வாக்குவாதம். எங்களுக்குள் என்றால் நானும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற தோழரும். ஆளுக்கு 20,000 ரூபாய், தோளில் ஒரு பை, பத்து நாள். கையில் இருப்பது அவ்வளவுதான்.

தோழர் வாக்கு நேபாளத்துக்கு. கணக்கும் அவர் பக்கம்தான். நமக்கு விசா கிடையாது. தரைவழியாகப் போனால் பாஸ்போர்ட்கூட வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில். வடக்கத்திப் பையன்கள் சிப்காட்டுக்கு வேலை தேடி வருகிற அதே தண்டவாளம். கோரக்பூரிலிருந்து பஸ் ஏறினால் எல்லை, தாண்டினால் லும்பினி, புத்தர் பிறந்த இடம். நம்ம 100 ரூபாய்க்கு அங்கே 160. அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவி, அடுத்த மாதமே காத்மாண்டு போய் உலக பௌத்தர் மாநாட்டில் புத்தரா, கார்ல் மார்க்ஸா என்று பேசினார். டிசம்பர் 6-இல் மறைந்தார்.

ஆனால் புத்தர் பிறந்த மண் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? யார் தொட்ட தண்ணீர் செல்லும், யார் தொட்டது செல்லாது என்று 1854-இல் சட்டமாகவே எழுதிவைத்த நாடு அது. தீண்டாமைக்கு எதிரான தனிச் சட்டம் 2011-இல் வந்தது. பத்து வருஷம் கழித்து, 2021-இல், தலைநகரிலேயே ஒரு தலித் பெண் பத்திரிகையாளருக்குச் சாதி தெரிந்ததும் வாடகைக்கு அறை இல்லை என்றார்கள். "நம்மகிட்ட யாரு சாதி கேக்கப்போறாங்க? இந்தியன்னு சொன்னா ரூம் குடுத்துருவான்" என்றார் தோழர். கொடுப்பான்தான். அந்த ஊர்ச் சேரிக்காரனுக்கு இல்லாத அறை நமக்குக் கிடைக்கும்.

என் வாக்கு இலங்கைக்கு. புத்தர் அங்கேயும் இருக்கிறார். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் ஆல்காட்டுடன் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். அண்ணலும் 1950-இல் போயிருக்கிறார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் கப்பல் விட்டார்கள், கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நின்றுவிடும். இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே மாவிட்டபுரம். 1968-இல் கோயிலுக்குள் விடு என்று நம்மவர்கள் போராடிய ஊர். அந்த வாழ்வைப் 'பஞ்சமர்' என்று நாவலாக எழுதிய கே. டானியல், 1986-இல் தஞ்சாவூரில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார்.

அப்புறம் மலையகம். சுற்றுலாப் படங்களில் பச்சைப் பசேலென்று தெரிகிற தேயிலை, கங்காணியிடம் முன்பணம் வாங்கி, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்த சனங்கள் போட்டது. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகள். 1948-இல் அவர்களுடைய குடியுரிமையைப் பிடுங்கினார்கள். 1964-இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். போகிற சனத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சனத்தின் பிள்ளைகள் எங்களுக்குப் பக்கத்திலேயே, கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கிறார்கள். 2021-இலிருந்து அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். அங்கே ஒரு அக்கா. தகப்பனார் அட்டன் பக்கத்துத் தோட்டத்துக்காரர், 1977 கலவரத்தில் வவுனியாவுக்கு ஓடியவர். அக்கா 1990-இல் பத்து வயதில் படகில் வந்தார். எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நேபாளத்துக்கு ஓட்டு அட்டை காணும் எண்டு சொல்லுறியள். எனக்கு அந்த அட்டையே இல்லையே தம்பி. அட்டனுக்குப் போனால் அப்பா இருந்த லயம் இன்னும் நிக்குதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

இலங்கைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அங்கேதான் முட்டுகிறது. ஒரு கம்பெனியில் மெஷினில் விரல் போன காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு நஷ்டஈடு கேட்டு கேட் முன்னால் உட்கார்ந்தோம். எங்கள் இருவர் மேலும் வழக்கு நிலுவையில் இருக்கிறது. 1967 பாஸ்போர்ட் சட்டப்படி இதைக் காட்டி மறுக்கலாம். வழக்கு நடக்கிற கோர்ட்டில் அனுமதி வாங்கி வந்தால், 1993 அறிவிக்கையின்படி, குறிப்பிட்ட காலத்துக்குத் தருவார்கள். எதற்குப் போகிறோம் என்று மனுவில் எழுத வேண்டும்.

"இலக்கிய மாநாடுன்னு போட்டுரலாம் சார், ஜட்ஜ் ஒத்துக்குவாரு" என்றார் வக்கீல். எங்க தெருப் பெரியவர் ஒருவரும் இதே மாதிரிதான், "என்னா வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டார். வேலைக்கு இல்லை, சும்மா பார்க்க என்றதும் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததில் ஆச்சரியம் என்ன? நம்ம சனம் கடனுக்காகக் கடல் தாண்டியது. உயிருக்குப் பயந்து தாண்டியது. பார்த்துவிட்டு வரலாம் என்று எப்போது தாண்டியது? ஊர் பார்ப்பதும் பயணக் கட்டுரை எழுதுவதும் யாருக்கோ உரியது என்று நாமே ஒதுங்கிக்கொள்கிறோம்.

மாநாடு என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 'ஊர் சுற்றிப் பார்க்க' என்றே மனு போட்டிருக்கிறோம். தோழரும் கையெழுத்துப் போட்டார். அனுமதி கிடைத்தால் முதலில் அட்டன். கிடைக்காவிட்டால் கோரக்பூர் ரயில் இருக்கிறது. ஆனால் மலிவென்று நாங்கள் நேபாளத்தைத் தேர்ந்தெடுத்ததாக அப்போது யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.