கணினிக்குள் ஓடும் நீர்

பிள்ளைகள் ஒரு பொருளை விரும்பிக் கேட்கும்போது, வேண்டாம் என்று மறுத்துவிடுவதும், கேட்ட மாத்திரத்தே வாங்கிக் கொடுப்பதும் பெற்றோருக்கு எளிதான இரு வழிகளாகும். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கேட்கப்படும் பொருள் யாது, அது எவ்வாறு இயங்குகின்றது, அதன் விலையில் பயனுக்கு எவ்வளவு, பகட்டுக்கு எவ்வளவு என்று பிள்ளையும் பெற்றோரும் கூடியிருந்து ஆராய்வதே அது. அவ்வழியில் நாம் சென்ற அனுபவம் இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையில் இதனை எழுதுகின்றோம்.

எமது மகனுக்கு வயது பதினைந்து. இந்நாட்டில் பதின்மூன்று வயது நிறைந்த பிள்ளைகள் இலகுவான வேலைகளைச் செய்யலாம். அவனும் இரண்டு ஆண்டுகளாக மழையிலும் பனியிலும் சைக்கிள் மிதித்து, வீடு வீடாக விளம்பரத் தாள்கள் போட்டுப் பணம் சேர்த்தான். அப்பணத்தில் விளையாட்டுக் கணினி ஒன்றைத் தானே பொருத்த விரும்பினான். செயலியையும் வரைகலை அட்டையையும் நண்பர்களுடன் பேசித் தெரிவு செய்துவிட்டான். எஞ்சியவை இரண்டு: கணினிப் பெட்டியும், செயலியைக் குளிர்விக்கும் திரவக் கருவியும். அவன் காட்டிய படத்தில் பெட்டியின் முன்புறம் முழுவதும் கண்ணாடி. உள்ளே பல நிறங்களில் ஒளிரும் விசிறிகள். இரண்டுக்கும் சேர்த்து விலை 3,000 குரோணருக்கு மேல்.

எமது கவலையோ விலையைப் பற்றியது மட்டுமன்று. இப்பொறி வீட்டுக்குள் வந்தால் அறைக்கதவு மூடிக்கொள்ளும். உணவு மேசையில் பேச்சுக் குறையும். எம்மோடு பேசும் தமிழும் அத்துடன் சுருங்கிவிடும் என்று அஞ்சினோம். ஆகவே ஒரே ஒரு நிபந்தனை விதித்தோம். "பணம் உன்னுடையது, முடிவும் உன்னுடையது. ஆனால் வாங்கும் ஒவ்வொன்றும் எதற்கு என்று எமக்குத் தமிழில் விளங்கப்படுத்த வேண்டும்" என்றோம். அவன் சற்றே யோசித்து ஒப்புக்கொண்டான். மூன்று வார இறுதிகள் இவ்விளக்கத்தில் கழிந்தன.

முதலில் வெப்பத்தைப் பற்றிப் பேசினோம். கணினி பெறும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. மகன் தெரிவு செய்த ரைசன் 7 7800எக்ஸ்3டி என்னும் செயலிக்கு 120 வாற்று என்று குறிக்கப்பட்டுள்ளது. இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ9-14900கே என்பதோ 253 வாற்று வரை செல்லவல்லது. முற்காலத்து 60 வாற்று மின்குமிழ்கள் நான்கினை ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் எரிய விடுவதை எண்ணிப் பாருங்கள். அவ்வெப்பத்தை அகற்றாவிட்டால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 7800எக்ஸ்3டி செயலிக்கு 89 பாகை செல்சியசே எல்லை. எனவே குளிர்விக்கும் கருவி அழகுப் பொருளன்று. கொடுத்த விலைக்குரிய வேகத்தைப் பெறுவதற்கு அது இன்றியமையாதது.

அடுத்து, வெப்பத்தை அகற்ற நீர் ஏன் என்ற கேள்வி எழுந்தது. கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காற்றில் வைத்தால் ஆற நெடுநேரம் ஆகும். நீரில் தோய்த்தால் கணத்தில் ஆறிவிடும். ஒரு லீற்றர் நீர் ஒரு பாகை சூடேறுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு லீற்றர் காற்று எடுப்பதைப் போல மூவாயிரம் மடங்குக்கும் அதிகமாகும். செயலியின் மேல் ஒரு செப்புத் தட்டு அமர்ந்திருக்கும். அதன் நுண்ணிய வரிப்பள்ளங்களூடாகத் திரவம் ஓடி வெப்பத்தைப் பெறும். சிறு பம்பி ஒன்று அத்திரவத்தைக் குழாய் வழியே ரேடியேற்றருக்குத் தள்ளும். அங்கே விசிறிக் காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்ள, திரவம் மீண்டும் செயலிக்குத் திரும்பும்.

இதை மகன் தாளில் வரைந்து காட்டியபோதுதான் நாம் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. எம்மில் தந்தையாகிய நான் யூலாந்தில் ஒரு பால் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளாக வேலை செய்பவன். அங்கே பாலை 72 பாகைக்குச் சூடாக்கிப் பதினைந்து விநாடி வைத்திருந்து, பின் குளிர்விப்பார்கள். சூடான பால் ஒருபுறமும் குளிர்ந்த பால் மறுபுறமும் ஓட, நடுவே மெல்லிய உருக்குத் தகடுகள் இருக்கும். பால் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வெப்பம் மட்டும் தகட்டைக் கடந்து செல்லும். மகனின் படத்துக்குப் பக்கத்திலேயே அதை வரைந்து காட்டினோம். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதைத்தானே நீங்கள் ஒவ்வொரு நாளும் வேலையில பார்க்கிறனீங்கள்?" என்று கேட்டான்.

தொழிற்சாலை வேலையைப் பற்றி வீட்டில் பேசும் வழக்கம் எம்மவர் பலருக்கு இல்லை. அதிகாலையில் செல்கின்றோம், களைத்து வருகின்றோம். அவ்வேலைக்குள்ளும் ஓர் அறிவு இருக்கின்றது என்பதைப் பிள்ளைகள் அறியும் வாய்ப்பு அரிது. அன்று இரவு அவன் பால் தொழிற்சாலையைப் பற்றி ஒரு மணிநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டதும் நாம் சொன்னதும் தமிழிலேயே.

இக்கருவியின் வரலாற்றைத் தேடியபோது மாணவர்கள் மகிழக்கூடிய செய்தியொன்று கிடைத்தது. ஆதியில் கணினியை நீரால் குளிர்விக்க விரும்பிய ஆர்வலர்கள் பம்பி, தொட்டி, குழாய் எல்லாவற்றையும் தனித்தனியே வாங்கிப் பொருத்தினார்கள். மோட்டார் வாகன ரேடியேற்றரையும் மீன்தொட்டிப் பம்பியையும் பயன்படுத்தியோரும் உண்டு. கசிந்தால் கணினியே பாழாகும். பம்பியையும் செப்புத் தட்டையும் ஒரே உடலாக்கி, தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி மூடி, வாங்குபவர் திருகாணியை முறுக்கினால் போதும் என்ற நிலையை உலகெங்கும் பரப்பியதில் முன்னின்றது எமது வட யூலாந்தின் ஓல்போர்க் நகரத்து அசெடெக் நிறுவனமாகும். அதனை நிறுவியவர் அந்திரே ஸ்லொத் எரிக்சன் என்பவர். கணினிப் பெட்டியில் குளிர்சாதனப் பெட்டியின் அமுக்கியையே பொருத்திய 'வேப்போசில்' அந்நிறுவனத்தின் முன்னைய முயற்சி. 2009 ஆம் ஆண்டில் கோர்செயார் நிறுவனம் வெளியிட்டுப் புகழ்பெற்ற எச்50 என்னும் கருவியும் அசெடெக் உருவாக்கியதே. மேசையில் இருக்கும் பொருளின் வேர் எமது ஊர்களுக்கு இத்துணை அருகில் இருப்பதை அறிந்தபோது பிள்ளைகள் வியந்தார்கள்.

இனித் தெரிவுக்கு வருவோம். 120 வாற்றுச் செயலிக்குத் திரவக் கருவி கட்டாயமா என்று கேட்டோம். கட்டாயமன்று என்பதே நேர்மையான விடை. நல்ல காற்றுக் குளிர்விப்பான் அதற்குப் போதும். பம்பி இல்லாததால் அது நீண்ட காலமும் உழைக்கும். ஆனால் மகன் நண்பர்களுடன் கணினிகளை ஓரிடத்துக்குக் கொண்டுசென்று விளையாடும் 'லான்' கூடல்களுக்குச் செல்பவன். டென்மார்க்கில் இவ்வழக்கம் பழையது. 1991 முதல் 2002 வரை ஆண்டின் இறுதி நாள்களில் நடைபெற்ற 'த பார்ட்டி' என்னும் கணினிக் கூடல் பெரும் புகழ் பெற்றிருந்தது. பெரிய காற்றுக் குளிர்விப்பான் ஒரு கிலோவுக்கு மேல் எடையுடன் தாய்ப்பலகையில் தொங்கிக்கொண்டிருப்பதால், காரில் கொண்டுசெல்லும்போது குலுங்கித் தாய்ப்பலகைக்குச் சேதம் விளையலாம். ரேடியேற்றரோ பெட்டியின் உடலிலேயே பூட்டப்படுகின்றது. அவன் கூறிய இக்காரணம் நியாயமானது, ஏற்றுக்கொண்டோம்.

அளவைப் பார்க்கையில் கணிதம் உதவிற்று. 240 மில்லிமீற்றர் ரேடியேற்றரில் 120 அளவுள்ள விசிறிகள் இரண்டு. பரப்பு 288 சதுர சென்ரிமீற்றர். 280 இல் 140 அளவுள்ளவை இரண்டு, பரப்பு 392. 360 இல் 120 அளவுள்ளவை மூன்று, பரப்பு 432. பரப்புக் கூடினால் விசிறி மெதுவாகச் சுழன்றாலும் போதும், இரைச்சல் குறையும். ஆகவே 280 ஐ விரும்பினோம். ஆனால் மகள் அளவுகோலுடன் வந்து பெட்டியின் வரைபடத்தைப் பார்த்தாள். ரேடியேற்றரின் தடிப்பு 27 மில்லிமீற்றர், விசிறியின் தடிப்பு 25, ஆக 52. பெட்டியின் மேற்புறத்தில் 280 அளவுள்ளதைப் பூட்டினால் அதன் அகலம் நினைவகச் சட்டங்களின் மேல் வந்து முட்டும். எனவே 240 என்று முடிவாயிற்று. 120 வாற்றுக்கு அது தாராளம்.

பெட்டியைத் தெரிவு செய்கையில் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு நினைவுக்கு வந்தது. வாசலால் நுழையும் காற்று நடுமுற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேறுவதால் வீடு குளிர்ந்திருக்கும். கணினிப் பெட்டிக்கும் அதுவே விதி. முன்புறத்தால் குளிர்ந்த காற்று நுழைய வேண்டும். பின்புறத்தாலும் மேற்புறத்தாலும் சூடான காற்று வெளியேற வேண்டும். முன்புறத்தைக் கண்ணாடியால் அடைத்தால் எத்தனை விசிறிகள் ஒளிர்ந்தாலும் அவை காற்றுக்குத் தவிக்கும். ஆதலால் வலை முகப்பும், கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடியும் உள்ள பெட்டியைத் தேர்ந்தோம். வரைகலை அட்டையின் நீளம், 305க்கு 244 மில்லிமீற்றர் அளவுள்ள தாய்ப்பலகை ஆகியவை பொருந்துமா என்பதையும் முன்கூட்டியே அளந்தோம். ரேடியேற்றரை மேற்புறத்தில் பூட்டினோம். மூடிய சுற்றிலும் சிறிது காற்று இருக்கும். அது உயர்ந்த இடத்தில் தங்குமாதலால் பம்பி ஒருபோதும் சுற்றின் உச்சியில் இருத்தலாகாது.

பெட்டிக்கும் கருவிக்கும் ஈற்றில் 1,700 குரோணர் ஆயிற்று. அதில் 340 குரோணர் மொம்ஸ் வரி. இணையவழியில் வாங்கினால் 14 நாள்களுக்குள் மனம் மாறித் திருப்பலாம் என்பதையும், பழுதுக்கு இரண்டு ஆண்டுகள் முறையிடும் உரிமை இந்நாட்டுச் சட்டத்தில் உண்டு என்பதையும் மகன் கற்றான். மூடிய கருவியிலிருந்தும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாயினூடாகத் திரவம் சிறிது சிறிதாகக் குறையும். அது என்றென்றைக்கும் உழைப்பதன்று என்பதையும் அறிந்தே வாங்கினான்.

இங்கே மாணவர்கள் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். திரவக் கருவி வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றது. செயலியிலிருந்து எடுத்ததை அறைக்குள் விடுகின்றது. டென்மார்க்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் நிலத்தடிக் குழாய் வழியே வரும் சுடுநீரால் சூடேறுகின்றன. நாம் குளிர்காலத்தில் கையை வைத்துச் சூடு காணும் ரேடியேற்றரும், கணினிக்குள் உள்ள ரேடியேற்றரும் ஒரே தத்துவத்தின் இரு வடிவங்களே. ஓடென்சேயில் முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பெரும் தரவு மையத்தில் எழும் வெப்பம் வீணாகாமல் அக்குழாய்களிற் சேர்ந்து வீடுகளுக்குச் செல்கின்றது. கணினியின் கழிவு வெப்பத்தில் யாரோ ஒருவர் குளிர்காய்கின்றார்.

கணினி இப்பொழுது எமது வீட்டில் இயங்குகின்றது. அறைக்கதவு சில வேளைகளில் மூடித்தான் இருக்கின்றது, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் மகள் ஒரு கொப்பியில் தாய்ப்பலகை, செயலி, செப்புத் தட்டு, தூசு வடி என்று நாற்பது சொற்கள் வரை எழுதி வைத்திருக்கின்றாள். அவற்றுட் சில அகராதியில் இருந்தவை. சில நாம் நால்வரும் மேசையைச் சுற்றியிருந்து ஆக்கிக்கொண்டவை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை அடுத்த முறை விளங்காத பொருளொன்றைக் கேட்டால், அதை விளங்கப்படுத்தும்படி தமிழில் கேளுங்கள். மாணவர்களே, உங்கள் தாய் தந்தையர் வேலையிடத்தில் காணும் பொறிகளைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். நீங்கள் தேடும் விடையிற் பாதி அவர்களிடம் இருக்கக்கூடும்.