ஒரே தட்டு, வேறு வேறு பதில்

டாக்டர் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதைக்கும். இழுபட்ட தசையின் செய்தி தண்டுவடத்துக்குப் போய், மூளையைக் கேட்காமலேயே 'சுருங்கு' என்று திரும்பிவிடும். அனிச்சைச் செயல். காலிங் பெல் மாதிரி, அழுத்தினால் அடிக்கும் என்பதோடு பள்ளிக்கூடப் பாடம் முடிந்துவிடுகிறது.

ஆனால் நடக்கும்போது யோசித்துப் பாருங்கள். பாதம் ஊன்றியதும் உடம்பு கணுக்கால் மேல் முன்னால் சாய்கிறது, கெண்டைக்கால் தசை இழுபடுகிறது. அப்போது அது சுருங்கினால் நல்லது, உடம்பைத் தாங்கும். அடுத்து பாதம் தரையை விட்டு எழும்பி, நுனியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறது. இப்போதும் அதே தசை இழுபடுகிறது. இப்போது சுருங்கினாலோ நுனி தரையில் தட்டி, நாம் குப்புற விழ வேண்டியதுதான்!

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கபடே, ஸ்டைன் என்ற இருவர் 1986-ல் இதை அளந்து காட்டினார்கள். முழங்காலுக்குப் பின்னால் போகும் நரம்பில் ஒரே அளவு மின்தூண்டலை, நடையின் வெவ்வேறு கட்டங்களில் கொடுத்தார்கள். கால் ஊன்றியிருக்கும்போது தசையின் பதில் பெரிதாகிக்கொண்டே போனது. கால் காற்றில் இருக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அடுத்த வருடம் ஓட்டத்தையும் அளந்தார்கள். அதில் நடையைவிடவும் அடக்கம்.

எப்படி அடக்குகிறது என்பதுதான் அழகு. செய்தி கொண்டுவரும் நரம்பின் நுனியிலேயே, அடுத்த நரம்பிடம் கைமாற்றும் முன்பே, வேறொரு நரம்பு அதன் குரலைக் குறைத்துவிடுகிறது. தசைக்குப் போகும் நரம்பு மூளையின் உத்தரவுக்குத் தயாராகவே இருக்கிறது. (டென்மார்க் அரச பாலே நடனக் கலைஞர்களுக்கு இந்த அனிச்சை விளையாட்டு வீரர்களைவிடச் சிறியது என்று 1993-ல் ஓர் ஆய்வு வந்தது. பழக்கமும் இதை மாற்றுகிறது போல.)

பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்றால், பாட்டிக்காக. பக்கவாதம் வந்த பிறகு அவர் வலது பாத நுனி தரையில் இழுபடுகிறது. பாதத்தைத் தூக்கும் முன்பக்கத் தசை பலவீனமானது ஒரு காரணம். இன்னொன்று, மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு குறைந்துபோனால் இந்த அடக்கும் வேலையும் கெட்டுவிடுகிறது. கெண்டைக்கால் விறைத்து, அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை. மாமாவோ பார்க்கும்போதெல்லாம், "மனசு வச்சு நடங்கம்மா, எல்லாம் சோம்பேறித்தனம்" என்கிறார். பாட்டி பதில் பேசாமல் சுவரைப் பிடித்துக்கொள்வார். மனசு உத்தரவு போடும் இடத்துக்குக் கீழே நடக்கிற விஷயம் இது, மாமா.

இப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. வாசற்படி தாண்டிவிடுகிறார். மாமாவுக்கு இதை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கப்போகிறேன்.