சுல்தானின் தண்ணீர்க் கிண்ணம்

சென்ற நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் தாகத்தோடு இருந்தோம். மஃரிப் பாங்குக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று நானும் தம்பியும் மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருப்போம். எங்களைப் போலவே தாகத்தோடு இன்னொருவனும் அந்த வீட்டில் இருந்தான். அவனை மட்டும் எவரும் கவனிக்கவில்லை. அவன் எங்கள் கடுவன் பூனை சுல்தான்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மாரி காலத்தில், சோனகத்தெருவில் எங்கள் மதிலோரம் நனைந்து கிடந்த குட்டி அவன். வாப்பா வாங்கி வரும் உலர் தீனிதான் அவனுக்கு மூன்று வேளையும் சாப்பாடு. தண்ணீர்க் கிண்ணம் ஒன்று குசினி மூலையில் கிடந்தது. அதை யார் நிரப்புவது என்று யாரும் பேசிக்கொண்டதில்லை.

ஒரு நாள் பின்னேரம் அவன் மண் தட்டை விட்டுவிட்டு விறாந்தைச் சீமெந்தில் குந்தினான். இரண்டே சொட்டு. சற்று நேரத்தில் உம்மாவின் தொழுகைப் பாய்க்கருகில் குந்தினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. குழப்படி செய்கிறான் என்று அதட்டி, பின்பக்க அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். இரவு முழுக்கக் கத்தினான். உள்ளே தண்ணீர் வைக்கவும் மறந்துவிட்டேன்.

சஹருக்கு எழும்பிய உம்மம்மாதான் கதவைத் திறந்தார். சுல்தான் குந்துவதும் எழும்புவதுமாக இருந்தான். ஒரு துளிகூட வரவில்லை.

"மலச்சிக்கல் போல, உம்மம்மா" என்றேன்.

"இல்ல மகள். வயித்தைத் தொட விடுறானில்லையே. இது வேற."

பரசிற்றமோல் குளிசையில் பாதி கொடுப்போமா என்று தம்பி கேட்டான். நல்லவேளை, கொடுக்கவில்லை. அது பூனைக்கு நஞ்சு என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

விடிந்ததும் வாப்பா அவனைக் கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். நானும் போனேன். வைத்தியர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "சிறுநீர்ப்பை தோடம்பழம் போல இறுகிக் கிடக்கு. நாளைக்கு வந்திருந்தால் பிந்தியிருக்கும்" என்றார். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிக ஒடுக்கமானது. மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்தால் அது அடைபட்டுவிடும். முழுதாக அடைபட்டால் கழிவு இரத்தத்தில் ஏறி, இரண்டு மூன்று நாட்களில் உயிரே போகலாம். மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாயைச் செலுத்தியபோது இரத்தம் கலந்த சிறுநீர் வந்தது. எனக்கு அழுகை வந்தது. பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை வகுப்பில் பிழையின்றி ஒப்புவித்தவள் நான்.

"கிருமித் தொற்றா, டொக்டர்?" என்று கேட்டேன்.

எல்லாம் கிருமியால் வருவதில்லை என்றார். வயது போன பூனைகளிலும் நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவற்றிலும்தான் தொற்று அதிகம். இளம் பூனைகளில் பெரும்பாலும் கிருமியே இருக்காது. பயமும் மனக்குழப்பமும்கூட சிறுநீர்ப்பையை வீங்கச் செய்யும். அதனால் வீட்டில் மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுக்கக் கூடாது. சிறுநீரைச் சோதித்துத்தான் மருந்து. பூனையின் மூதாதையர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். இரையில் இருந்த ஈரத்தாலேயே பெரும்பாலும் வாழ்ந்தவை. எலியின் உடம்பில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். உலர் தீனியிலோ பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுசெய்யும் அளவுக்குப் பூனை தானாகத் தண்ணீர் தேடிக் குடிப்பதில்லை.

மூன்று நாட்களின் பின் சுல்தான் வீடு வந்தான். இப்போது அகன்ற கிண்ணங்கள் மூன்று, தீனித் தட்டுக்கும் மண் தட்டுக்கும் எட்டத்தில் இருக்கின்றன. காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுவது என் வேலை. உலர் தீனி குறைந்து ஈரத் தீனி கூடியிருக்கிறது. சூடை மீனை உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை உம்மா தீனியில் ஊற்றுவார். மண் தட்டில் எத்தனை ஈரக் கட்டிகள் என்று தினமும் எண்ணுகிறேன். தோழியர் சிரிக்கிறார்கள். அந்த எண்ணிக்கை குறைந்தால் அதன் பொருள் என்னவென்று எனக்குத் தெரியும்.

அபூ கதாதா (ரலி) அவர்கள் தாம் வுழூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைக் குடிக்க வந்த பூனைக்குப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தியை உம்மம்மா அன்றிரவு சொன்னார். அவர் அந்தப் பூனையை வாய் திறந்து கேட்க விடவில்லை. அது வந்து நின்றதே அவருக்குப் போதுமாக இருந்தது.

பெருநாள் கழிந்து பாடசாலை தொடங்கிய பிறகு, ஒரு நாள் உம்மா என் புத்தகப் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தது. கழிப்பறை வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்டு நான் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. எனக்கு இரண்டு தடவை சலக்கடுப்பு வந்ததும் அதனால்தான். உம்மா ஏசவில்லை. போத்தலைச் சுல்தானின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பூனைக்குத்தான் சொல்லத் தெரியாது. உமக்கு?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது என் போத்தல் வெறுமையாகத்தான் வீடு வருகிறது.