கூறியது கூறுவோம்

எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் கோவையில் ஒரு நூற்பாலையின் தொலைபேசிப் பலகையில் பதினாறு ஆண்டுகள் அமர்ந்திருந்தவர். 2022இல் அந்த வேலை போயிற்று. 'ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக' என்னும் பதிவுக்குரல் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. (அக்குரலுக்குச் சேமநல நிதி கட்ட வேண்டியதில்லை.) வீட்டிலிருந்தபடியே பிறருக்கு வரும் அழைப்புகளை ஏற்றுச் செய்தி குறித்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கலாம் என்று நாங்கள் எண்ணியது அதன் பிறகுதான்.

எதையெதைச் செய்து தருவது என்று ஓர் இரவு குறிப்பேடும் கையுமாக அமர்ந்தோம். செய்தி குறித்தல், முன்பதிவு, விலை சொல்லுதல், நிலுவை நினைவூட்டல், இரவு அழைப்பு என்று பட்டியல் பதினொன்றாக நீண்டது. ஆட்களோ இருவர், பகலில் ஒருவரே.

திருப்பிவிடப்பட்ட அழைப்பு வரும்போது அழைப்பவரின் எண் திரையில் தெரியுமே தவிர, அவர் யாரைத் தேடி அழைத்தார் என்பது தெரிவதில்லை. ஆகவே வாடிக்கையாளருக்கு ஒரு சிம் அட்டை என்று வைத்துக்கொண்டோம்: இரண்டு கைப்பேசி, நான்கு அட்டை, நான்கு வாடிக்கையாளர். (2024 ஏப்ரல் 15 முதல் யு.எஸ்.எஸ்.டி. குறியீட்டால் அழைப்பைத் திருப்பும் வசதியை, மோசடிகளைக் கருதித் தொலைத்தொடர்புத் துறை நிறுத்தச் சொன்னபோது, வேறு வழியில் மீண்டும் இணைத்துத் தருவதும் எங்கள் சேவைகளுள் ஒன்றாயிற்று.)

மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், சமையல் காண்டிராக்டர், குழாய் வேலை செய்பவர், குழந்தை மருத்துவர் என நால்வர் அமைந்தனர். காயில் கட்டுபவருக்கு எந்நேரமும் கையில் வார்னிஷ். மணி அடித்தால் எடுக்க இயலாது. பெயர், ஊர், எத்தனை எச்.பி., புகைந்ததா ஓடாமல் நின்றதா என்பவற்றைக் குறித்துக் கொடுத்தால் அவருக்குப் போதும்.

திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூது. எங்களுள் ஒருவர் அதை ஆண்டுதோறும் நடத்துகிறார். மற்றவர் விடைத்தாள்களை அடுக்கித் தருகிறார். பரிமேலழகர் தூதரை இருவகைப்படுத்துவார்: தானே வகுத்துக் கூறுபவன், கூறியதைக் கூறுபவன். இதை ஒரு தேர்வு வினாவாக மட்டுமே அதுகாறும் கருதியிருந்தோம்.

மருத்துவர் மாதம் 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். மற்ற மூவரும் சேர்ந்து தருவதைவிட அது மிகுதி. மாலையில் டோக்கன் கொடுக்க வேண்டும். இரவு பத்து மணிவரை அழைப்பவர்களிடம் அவசரமா, காலையில் வரலாமா என்று கேட்டுத் தரம்பிரிக்க வேண்டும். தொழில் உயர்ந்துவிட்டதாகவே மகிழ்ந்தோம்.

இரண்டாம் மாதத்தில் ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு தாய் அழைத்தார். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நான்கு நாள் காய்ச்சல். அன்று மாலை காய்ச்சல் விட்டுவிட்டதாம்; குழந்தை அசந்து தூங்குகிறதாம். "காலையில வரலாமாக்கா?" எங்களுள் யார் எடுத்தோம் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. காய்ச்சல் விட்டதே என்ற நிம்மதியில், "காலையில வாங்கம்மா, முதல் டோக்கன் உங்களுக்குத்தான்" என்றோம். குறிப்பேட்டில் 'அவசரமில்லை' என்று எழுதினோம்.

டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான கட்டமாக மாறக்கூடும் என்பதும், குழந்தை அசந்து கிடப்பது எச்சரிக்கைக் குறி என்பதும் இப்போது எங்களுக்குத் தெரியும்.

காலையில் முதல் டோக்கனுக்கு யாரும் வரவில்லை. ஐந்து நாள் கழித்துக் குழந்தையின் தந்தை பழைய சீட்டு ஒன்றைக் கேட்டு அழைத்தார். பாட்டி நள்ளிரவில் குழந்தையின் கை கால் சில்லிட்டிருப்பதைக் கண்டு, பிடிவாதமாக அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றிருக்கிறார். குழந்தை பிழைத்தது. தந்தை எங்களைக் குறை கூறவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் காலையில போகலாம்னு இருந்தோம்" என்றார், அவ்வளவே.

எங்களால் அறிந்திருக்க இயலாது என்று மருத்துவரும் ஆறுதல் கூறினார். அறிய இயலாத பணிக்கு எங்களை ஏன் அமர்த்தினீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை, ஒப்புக்கொண்டவர்கள் நாங்களல்லவா? டோக்கன் மட்டும் கொடுக்கிறோம், தரம்பிரிக்க மாட்டோம் என்றோம். அது தமக்குப் பயன்படாது என்று அவர் விலகிக்கொண்டார்.

அன்றிரவு பட்டியலை மீண்டும் எடுத்தோம். விலை சொல்லுதல், நிலுவை நினைவூட்டல், இரவு அழைப்பு எல்லாவற்றையும் அடித்தோம். செய்தி குறித்தலும் முன்பதிவும் எஞ்சின. "ஊர்ல இல்லைன்னு சொல்லிருங்க" என்று சமையல் காண்டிராக்டர் சில நாள் கேட்பார். செய்தியைச் சேர்த்துவிடுகிறோம் என்று மட்டும் அழைப்பவரிடம் சொல்கிறோம், அவருக்கு வருத்தந்தான்.

நான்காம் அட்டைக்கு இன்றும் பணம் கட்டி வருகிறோம். நாங்கள் அந்நாளில் திரும்ப அழைத்த எண்ணைச் சேமித்து வைத்தவர்கள் எப்போதாவது டோக்கன் கேட்டு அழைக்கிறார்கள். மருத்துவரின் எண்ணைக் கொடுக்கிறோம். குழந்தைக்கு என்ன செய்கிறது என்று அவர்களாகவே சொல்லத் தொடங்கினால், இடைமறித்து 108 என்கிறோம்.