கறளும் பூச்சும்

எமது வீட்டு முற்றத்து வேம்பின் கீழ் ஒரு மொறிஸ் மைனர் கார் நிற்கிறது. தந்தையார் வாடகைக்கு ஓட்டிய கார் அது. 1959ஆம் ஆண்டு செய்யப்பட்டது. எம்மைவிட முப்பது ஆண்டு மூத்தது. 2023ஆம் ஆண்டு, மாரிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை காலை, பாடசாலை விஞ்ஞான கூடத்திலிருந்து இரவல் பெற்ற இலாடக் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் அருகிற் சென்றோம். கதவில் வைத்தோம், காந்தம் பற்றிக்கொண்டது. கூரையில் வைத்தோம், பற்றிக்கொண்டது. கதவின் கீழே ஓடும் விளிம்பில் வைத்தோம், புல்லில் விழுந்தது. மீண்டும் வைத்தோம், மீண்டும் விழுந்தது. பார்வைக்குக் கதவும் விளிம்பும் ஒரே நீலம், ஒரே மினுக்கம். ஆனால் விளிம்பில் இரும்பு இல்லை. இரும்பு இருக்கவேண்டிய இடத்திற் பட்டி இருந்தது.

பட்டி என்பது டிங்கர் வேலை செய்வோர் கையாளும் ஒருவகைக் களி. பிசினும் மாக்கல் தூளும் சேர்ந்தது. இறுகச் செய்யும் மருந்து ஒன்றைச் சிறிதளவு கலந்து பூசினால் சில நிமிடங்களிற் கல்லாகிவிடும். நசுங்கிய தகட்டின் சிறு பள்ளத்தை நிரவுவதற்கு அது நல்ல பொருள். கறள் தின்ற ஓட்டையை அடைப்பதற்கோ அது ஆகாது. ஏனெனில் அது ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பின்புறமாக வந்து சேரும் ஈரத்தை அது பிடித்து வைத்து, எஞ்சிய இரும்புக்கும் ஊட்டிக்கொண்டிருக்கும். வெளியே பூச்சு பளபளக்க, உள்ளே அழிவு முன்னிலும் விரைவாக நடக்கும். தந்தையார் தமது கடைசிக் காலத்தில் ஒரு கராஜில் இந்தக் காருக்குப் பூச்சு வேலை செய்வித்திருந்தார். கையிலிருந்த பணத்துக்கு அவ்வளவு வேலைதான் கிடைத்தது போலும்.

மொறிஸ் மைனரின் வரலாறு வாசகர்க்குப் புதியதன்று. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி, இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட்டை அடுத்த கௌலியில், 1948ஆம் ஆண்டு அது வெளிவந்தது. 1971 வரை 16 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் செய்யப்பட்டன. நடுத்தர வருவாய்க் குடும்பம் ஒன்று வாங்கத்தக்க கார் என்பதே அதன் பெருமை. ஆனால் அதன் அமைப்பில் ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். அதற்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடலே அதன் எலும்பு. இருபுறமும் கதவுகளுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் அந்த விளிம்புகள் வெறும் அலங்காரம் அல்ல. வண்டியின் பாரத்தைத் தாங்குபவற்றுள் அவையும் அடங்கும். அவை உக்கினால் வண்டி நடுவில் தொய்யும். மோதினால் உள்ளிருப்பவரைக் காக்க எதுவும் இராது. முன்சில்லை மூடும் மட்காட்டைக் கழற்றி வேறொன்று பூட்டலாம். எலும்பைக் கழற்ற முடியாது.

இந்தக் கார் எமது குடும்பத்துக்குச் சோறு போட்டது. 1990இற்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் பற்றரியும் வடக்குக்கு வரவில்லை. அக்காலத்து யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காட்டி என்ஜினை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையின் மணம் இன்றும் எமது நாசியில் உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு இலட்சக்கணக்கானோர் மழையில் நடந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, இந்தக் காரும் நடப்பவர்களின் வேகத்திலேயே ஊர்ந்தது. ஆறு வயதுப் பிள்ளையாகப் பின்னிருக்கையில், நடக்கமாட்டாத மூதாட்டியர் மூவருக்கு நடுவே நாம் நெருங்கியிருந்தோம்.

ஆகவே அதைத் திருத்துவதென்று தீர்மானித்தோம். அக்காவின் கணவர் வந்து பார்த்தார். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கார்களின் விலை ஏறியிருந்த நேரம் அது.

“உமக்கேன் இந்தப் பாடு? நல்லாப் பட்டி அப்பி, ஒரு பெயின்ற் அடிச்சு வித்துப்போட்டுப் பேசாம இரும். வாங்கிறவன் குனிஞ்சு பாக்கப் போறானே?” என்றார் அத்தான்.

அத்தான் தீயவர் அல்லர். ஊர் செய்வதைச் சொன்னார். பட்டப்படிப்பில் நாம் கற்ற இலக்கியத்தில் வாய்மையைப் போற்றும் பகுதிகளுக்குக் குறைவில்லை. எனினும் அன்றிரவு நாமும் மனத்துக்குள் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தோம் என்பதை மறைப்பது முறையன்று.

அடுத்த சனிக்கிழமை இளைஞன் ஒருவன் வந்தான். டிங்கர் வேலை தெரிந்த ஒருவரை அனுப்பும்படி அயலவரிடம் கேட்டிருந்தோம். படலையைத் திறந்து வந்தவனைக் கண்டதும் எமது முகம் வாடியிருக்க வேண்டும். அவன் எமது பழைய மாணவன். அவனோ முகமலர்ச்சியுடன், “சேர், இது உங்கட காரோ?” என்று கேட்டான். அதன் பிறகு காரைத் தவிர வேறெதையும் பேசவில்லை. ஒரு திருப்புளியை எடுத்தான், மண்டியிட்டான், விளிம்பை நெடுகக் குத்திப் பார்த்தான். பட்டி கட்டியாக உதிர்ந்தது. அதன் பின்னால் பலகாரம்போல் அடுக்கடுக்காகப் பொருக்குவிட்ட செங்கறள்.

“மேல தெரியிறது கொஞ்சம் சேர். உள்ளுக்குத்தான் கனக்க.”

நாம் கறள் என்கிறோம். பாடநூல் துரு என்கிறது. இரும்பு, நீரோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து நீரேறிய இரும்பு ஒட்சைட்டாக மாறுவதே அது. உப்பு இந்த மாற்றத்தைத் துரிதப்படுத்தும். எமது வீடோ நகரின் தெற்கே கடல்நீரேரியை அண்டியது; காற்றிலேயே உப்பு உண்டு. அலுமினியத்தின் மேற் படரும் ஒட்சைட்டு ஒரு தோல்போல் ஒட்டி நின்று உள்ளிருப்பதைக் காக்கும். இரும்பின் கறள் அப்படியன்று. தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொண்டு, வீங்கி, வெடித்து, உதிர்ந்து, அடியிலுள்ள புதிய இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டும். எனவே கறள் தானாக ஓய்வதில்லை. மைனரின் கதவடியில் மழைநீர் வடிவதற்குச் சிறு துளைகள் உள்ளன. அவை தூசியால் அடைபட்டால் நீர் உள்ளே தேங்கும். நாம் பல ஆண்டுகளாக அக்காரைக் கழுவித் துடைத்தோம். அத்துளைகளை ஒரு நாளும் குத்திவிடவில்லை. கண்ணுக்குப் படும் இடத்தையே கவனித்தோம்.

பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு அவன் வெட்டத் தொடங்கினான். கிரைண்டர் சீறியது. ஒரு சாண் அளவு போதுமென்று நாம் எண்ணியிருந்தோம். அது முழங்கையளவு ஆயிற்று. பின் இரண்டு முழமாயிற்று. எமது மனம் பதறியது. “இவ்வளவோடு நிற்பாட்டலாமே தம்பி” என்றோம்.

“நல்ல இரும்பு வாற மட்டும் வெட்டவேணும் சேர். நடுவில நிப்பாட்டினா வெட்டாத மாதிரித்தான். புதுத்தகரத்தைக் கறளிலயோ ஒட்டுறது?”

அந்த வார்த்தை எம்மை அன்று முழுவதும் விடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுவதே நேர்மை.

2017ஆம் ஆண்டில் அவன் எமது வகுப்பில், தரம் 11இற் படித்தான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் ஆசிரியர் கூட்டம் ஒன்று நடந்தது. சித்தி விகிதம் என்பது ஒரு பின்னம். தொகுதியை உயர்த்துவதற்கு ஆண்டு முழுவதும் உழைக்க வேண்டும். பகுதியைக் குறைப்பதற்கு ஒரு மாலை போதும். பலவீனமான மாணவர் அறுவரின் பெயர்கள் ஒரு தாளில் எழுதப்பட்டன. அவனுடைய தாயாரை அழைத்துப் பேசும் பொறுப்பு வகுப்பாசிரியரான எம்மிடம் வந்தது. மகன் கைவேலையிற் கெட்டிக்காரன், காலத்தை வீணாக்காமல் தொழில் பழகட்டும் என்று இனிய தமிழில் எடுத்துரைத்தோம். அந்தத் தாய் எம்மைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவ்வாண்டு பெறுபேறுகள் சிறப்பாய் அமைந்தன. பாடசாலை வாயிலிற் பதாகை தொங்கியது. அதன் கீழ் நின்று நாமும் படம் எடுத்துக்கொண்டோம்.

கைவேலை இழிவானதன்று, அதைச் சொன்னதிற் பொய் இல்லை. பொய், நாம் அதைச் சொன்ன காரணத்தில் இருந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. வறியவர் வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளிக் கதவைத் திறந்து வைத்தார்கள். முன்கதவால் வந்தவர்களைப் பின்கதவால் அனுப்புவதற்கு நாம் ஓர் உபாயம் கண்டுபிடித்திருக்கிறோம். அதற்கு எமது பாடசாலைகளில் இட்டிருக்கும் பெயர் ‘பெறுபேற்றை உயர்த்துதல்’. கராஜில் அதற்குப் பெயர் பட்டி வைத்தல்.

ஆறு சனிக்கிழமைகள் வேலை நடந்தது. கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் தகரத்தைப் பிடித்துக் கொடுப்பதும் எமது பங்கு. கறளின் சுவடு மாத்திரம் நின்ற இடங்களிற் பொசுபோரிக்கமிலம் பூசினோம்; அது எஞ்சிய கறளைக் கரிய பொசுபேற்றுப் படையாக மாற்றும். ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள புதுத்தகரத்தை அட்டையில் முதலில் அளவு வெட்டிப் பார்த்து, பின் கத்தரித்து, வளைத்து, ஒட்டினான். மெல்லிய தகடு சூட்டில் நெளியும். அதனால் ஒரே இழுப்பில் ஒட்டாமல், இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக, ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டினான். எமது ஒட்டொன்றில் தகரம் எரிந்து ஓட்டை விழுந்தது. அவன் சிரிக்கவில்லை. “கையை ஆட்டாதேங்கோ சேர். திரும்பச் செய்யுங்கோ” என்றான். வகுப்பிற் பிழைவிட்ட எத்தனை பிள்ளைகளிடம் நாம் இவ்வளவு பொறுமை காட்டியிருக்கிறோம்?

மேலும் ஒன்றைக் கண்டோம். பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகையால் உலர்ந்தபடி தேய்த்தல் ஆகாது, நீர்விட்டே தேய்க்க வேண்டும். வாய்க்கும் மூக்குக்கும் கவசம் வேண்டும். இக்காலத்து இருகலவைப் பூச்சுகளில் உள்ள ஐசோசயனேற்று ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. இவற்றையெல்லாம் நாம் வாசித்து அறிந்து அவனிடம் சொன்னபோது அவன் வியப்புடன் கேட்டான். பதினாறு வயதிலிருந்து முகத்தில் ஒரு லேஞ்சியைக் கட்டிக்கொண்டுதான் அவன் பூச்சு விசிறி வந்திருக்கிறான். இரவில் இருமல் இருக்கிறதென்றான். அவனுக்கு இதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சொல்லவேண்டிய நாமோ அவனை ஓராண்டு முந்தியே அனுப்பிவிட்டோம். ஏடறிந்தவனுக்குத் தொழில் தெரியாது, தொழிலறிந்தவனுக்கு ஏடு கிடையாது என்னும் இந்தப் பிரிவினையில் இழப்பது இருவருமே. ஆனால் சுவாசப்பை அவனுடையது.

கடைசிச் சனிக்கிழமை, செம்பூச்சு உலர்ந்துகொண்டிருந்தபோது, தேநீர்க் கோப்பையுடன் இருந்த அவனிடம் பேச்செடுத்தோம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இப்போதும் தோற்றலாம், தமிழும் கணிதமும் நாம் சொல்லித் தருவோம் என்றோம். அன்று செய்தது தவறென்றும் சொன்னோம். அவன் சிறிது நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது அம்மாவுக்குத்தான் சேர் கவலை. எனக்கு இப்ப வேலை இருக்கு. பாப்பம்.”

அவன் எம்மை மன்னித்தானா என்பதை அந்தப் ‘பாப்பம்’ சொல்லவில்லை. கேட்பதற்கு எமக்கு உரிமையும் இல்லை.

அந்த மாரியில் எமது பாடசாலையில் மறுபடியும் கூட்டம் கூடியது. மறுபடியும் ஒரு தாள் வந்தது. அதில் ஐந்து பெயர்கள். நாம் எழுந்து, ஐவரும் தோற்றட்டும் என்றோம். கை நடுங்கியது, ஒட்டுவேலையின்போது நடுங்கியதைவிட அதிகம். முதலில் ஒருவரும் பேசவில்லை. பின்னர் கணித ஆசிரியை ஒருவர் எம்முடன் சேர்ந்தார், அடுத்து இன்னொருவர். தாள் மடிக்கப்பட்டது. 2024 மே மாதம் நடந்த பரீட்சைக்கு ஐவரும் தோற்றினர். ஒருத்தி சித்தியடைந்தாள், நால்வர் அடையவில்லை. விகிதம் இறங்கியது. அவ்வாண்டு வாயிலிற் பதாகை இல்லை. எம்மீது சிலருக்கு மனக்கசப்பு இன்னும் உண்டு. அந்த நால்வருள் மூவர் மாலையில் எமது முற்றத்துக்கு வந்து படிக்கிறார்கள். சில வேளைகளில் எமது பழைய மாணவனும் வேலை முடிந்து அவ்வழியே வந்து, காரின் அடியைக் குனிந்து பார்த்துவிட்டு, பாடம் நடக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி வாங்கிற் குந்தியிருப்பான்.

காரை விற்கவில்லை. விளிம்பின் ஒட்டுத் தழும்புகள் பூச்சுக்கு மேலும் சிறிது தெரிகின்றன. அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. கதவடித் துளைகளை இப்போது மாதம் ஒருமுறை ஈர்க்கினாற் குத்திவிடுகிறோம். காந்தத்தை விஞ்ஞான கூடத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒருமுறை விளிம்பில் வைத்துப் பார்த்தோம். பற்றிக்கொண்டது.