பூஸ்-பூஸ் வண்டி

போன வாரம் பேரனை அழைத்துக்கொண்டு, பாரதி பூங்கா அருகில் இருக்கும் நம் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அரிக்கமேட்டுப் பானை ஓடுகள், பாசிமணிகள் எல்லாம் பார்த்தோம். 1945-ல் வீலர் தோண்டியபோது ரோமாபுரி மது ஜாடித் துண்டுகள் கிடைத்தது நம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் என்றேன். அவன் நம்பவில்லை. சோழர் கால செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றான். (கும்பிடலாமா என்று கேட்டான். தாராளமாக என்றேன்.)

அப்புறம் பூஸ்-பூஸ் வண்டி. அந்தக் காலத்தில் துரை ஏறி உட்கார்ந்து, முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துத் திருப்புவார். ஆள் பின்னாலிருந்து தள்ள வேண்டும்.

"தள்ளுறவங்களுக்கு வழி தெரிய வேணாமா, தாத்தா?"

"துரை திருப்புற பக்கம் போகணும். அவ்வளவுதான்."

என் தாத்தா அப்படித் தள்ளியவர். பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும்போது குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் தாத்தா விவசாயி என்று எழுதினேன். முசியே மெச்சி நல்ல மார்க் போட்டார். வீட்டில் தாத்தா அதை வாசிக்கச் சொன்னார். அவருக்கு எங்கே புரியப்போகிறது என்று உரக்க வாசித்தேன். இருபது வருடம் துரைமார் பேச்சைக் கேட்டவர் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"நமக்கு நிலம் எங்கடா இருக்கு?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

என் பிள்ளைகளிடம்கூட இதைச் சொன்னதில்லை. பேரனிடம் சொன்னேன். அவன் வண்டிக்குப் பின்பக்கம் போய், கை வைத்துத் தள்ளும் இடம் எது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.